கண்டிச் சேலையும் அழகுராணி முடியும்

எசல மாதத்து இரவுகளிலே கண்டி மாநகரின் வீதிகளிற் பெரஹரா வரும்பொழுது, தீவட்டி வெளிச்சத்திலே மின்னி மின்னிச் செல்லும் அணிகலன்கள் யாருடையவை என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. யானைகளின் முகபடாங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டால், மற்றவற்றுட் பெரும்பாலானவை ஆடவர் பூண்டவையே. இடுப்பிலே பல சுற்றுத் துணியைச் சுற்றிக்கொண்டு, பொன்னிழை வேய்ந்த சட்டையும் மணிபதித்த தொப்பியுமாக நிலமேமார் நடந்து வருகின்றனர். வெள்ளித் தகடுகள் அசையும் முடியையும் மார்பிலே மணிக்கோவைகளையும் அணிந்து வெஸ் நடனக்காரர் ஆடி வருகின்றனர். கண்டி இராச்சியத்து மரபிலே, ஊரார் காண வீதியிலே அலங்காரத்தோடு நடந்து காட்டும் பேறு பெரும்பாலும் ஆண்மக்களுக்கே உரியதாயிருந்தது. பெண்களின் அலங்காரம் வளவுகளுக்குள்ளேயும் மணவறையிலேயும் அடங்கியிருந்தது.

அத்தகைய நகரத்துப் பெண்ணுடைதான் பின்னாளிலே இலங்கை அழகுராணியரின் தேசிய உடையாகிக் கடல்கடந்த மேடைகளிலே தோன்றியது. அது அங்கு போய்ச் சேர்ந்த வழி நேரான வழியன்று.

கண்டியப் பெண்ணின் உடையைப் பற்றி விரிவாக எழுதிவைத்த முதல் அந்நியர்களுள் ஒருவன் இராபட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி. 1660இல் கொட்டியாரக் கரையிலே சிறைபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே காலங்கழித்து, 1679இல் தப்பியோடிய அவன், 1681இல் இலண்டனிலே தன் நூலை வெளியிட்டான். வெண்பருத்தித் துணியிலே நீலமும் சிவப்புமான நூலாற் பூவேலை செய்த மேற்சட்டை, கை நிறைந்த வெள்ளிக் காப்புக்கள், விரல்தோறும் மோதிரம், மார்பிலே தொங்கும் மாலைகள், தேங்காயெண்ணெய் பூசி வாரிய கூந்தல் ஆகியவற்றையெல்லாம் அவன் குறித்துவைத்தான். அவன் குறித்த மற்றொரு செய்தியும் உண்டு. முழங்காலுக்குக் கீழே ஆடையைத் தொங்கவிடுதற்கும் அந்நாட்டிலே குலம் வேண்டும். மிகத் தாழ்ந்தோராகக் கருதப்பட்ட ரொடியர் குலத்துப் பெண்கள் மேலாடை அணியவே கூடாது என்பது அக்கால வழக்கு. எனவே கண்டியிலே சேலை என்பது அழகுக்குரிய பொருளாவதற்கு முன்னர் அதிகாரத்துக்குரிய பொருளாயிருந்தது. யார் எதனை உடுக்கலாம் என்பதை அரண்மனையே தீர்மானித்தது.

இன்று ஒசரிய என வழங்கும் கண்டிச் சேலை, இடுப்பைச் சுற்றிச் சிறு மடிப்புக்கள் விசிறிபோல் வெளியே தொங்க, முந்தானை இடத்தோளின்மீது நேராக விழும்படி உடுக்கப்படுவது. இதன் பிறப்பைப் பற்றிப் பல கருத்துக்கள் உள. தோளிலே உப்பிய கை வைத்த இரவிக்கை போர்த்துக்கேயரால் வந்தது என்பர். போர்த்துக்கேயரிடம் வளர்ந்து, 1594இல் முதலாம் விமலதர்மசூரியனின் பட்டத்தரசியான தோனா கதரினாவை அதற்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். சேலைப்பகுதிக்கோ தென்னாட்டுத் தொடர்பே காரணமென்று கருதுவோர் பலர். அக்கருத்திற்கு வலுவான பின்னணி உண்டு. கண்டி மன்னர் மதுரைநாட்டு நாயக்கர் குடும்பங்களிலிருந்து பெண்ணெடுத்தனர். 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி மறைந்தபோது, அரசியின் உடன்பிறந்தானே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். அதுமுதல் 1815வரை, முக்கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலாக, கண்டி அந்தப்புரத்திலே தமிழும் தெலுங்கும் பேசிய அரசியர் வாழ்ந்தனர். அவர்தம் உறவினர் குடியிருந்த தெரு மலபார் வீதி என்று பெயர்பெற்றது. கண்டி மணப்பெண்ணின் தலையின் இருமருங்கிலும் சூரியனும் சந்திரனுமாக அணியப்படும் தலைப்பணிகளைக் காணும் தமிழர்க்கு, நாட்டிய நங்கையரின் சூரியப்பிரபையும் சந்திரப்பிரபையும் நினைவுக்கு வராமற் போகா.

1815 மார்ச் மாதம் 2ஆம் நாள் ஒப்பந்தத்தோடு அவ்வரசு முடிந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தன் அரசியரோடு வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். மன்னன் போனபின் யார் எதை உடுக்கலாம் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் யாரைப் பார்க்கலாம் என்று சொல்ல வேறொருவர் வந்து சேர்ந்தனர்.

அவர்தாம் புகைப்படக்காரர். 1870களிலே சார்ள்ஸ் ஸ்கோவன் என்பவர் கண்டியிலே ஒரு படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். பின்னர், 1890இல் கொழும்பிலே தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் பிறவும் இலங்கைக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டுக் கப்பற் பயணிகளுக்கு விற்றன. மலைகளும் தென்னந்தோப்புக்களும் யானைகளும் அவ்வட்டைகளிலே இருந்தன. அவற்றோடு பெண்களும் இருந்தனர். கண்டியச் சீமாட்டி, ரொடியப் பெண், கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண், சோனகப் பெண் என்று இனவாரியாக அவர்கள் வரிசைப்படுத்தப்பட்டனர். முன்பு மேலாடை மறுக்கப்பட்ட ரொடியப் பெண்ணை, அந்த மறுப்பையே விற்பனைச் சரக்காக்கி, அழகி என்னும் பெயரிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினர். படத்தின் அடியிலே குலத்தின் பெயர் இருக்கும். அப்பெண்ணின் பெயர் பெரும்பாலும் இராது. அழகுராணிப் போட்டி இலங்கைக்கு வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே இலங்கைப் பெண்ணின் அழகு இவ்வாறு மதிப்பிடப்பட்டு விலைபோயிற்று என்பதை மறந்துவிட்டு, போட்டிகளை மட்டுமே குறைகூறுதல் பொருந்தாது.

இக்காலத்திலேயே உள்ளூரில் எதிர்க்குரலும் எழுந்தது. 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்த ஆனந்த குமாரசுவாமி, அவ்வாண்டிலேயே இரவல் இறகுகள் என்னும் பொருள்பட்ட தலைப்புடைய சிறு பிரசுரமொன்றைக் கண்டியிலே ஆங்கிலத்தில் வெளியிட்டு, ஐரோப்பிய உடையைப் பார்த்து நடிக்கும் உள்ளூர்ச் செல்வரைச் சாடினார். அநகாரிக தர்மபாலரும் சிங்களப் பெண்கள் மேனாட்டுக் கவுனைக் களைந்து சேலை உடுத்தவேண்டுமென்று வற்புறுத்தினார். இவ்வாறாக, மலைநாட்டுப் பிரபுக் குடும்பங்களின் உடையாயிருந்த ஒசரிய, கரையோரச் சிங்களப் பெண்களிடத்தும் பரவி, நாட்டின் உடையாகத் தலையெடுத்தது. 1960 யூலையிலே சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்றபோது, உலகப் பத்திரிகைகள் படம்பிடித்ததும் இந்த ஒசரியவைத்தான். அவர் இரத்தினபுரியிலே பிறந்தவராயினும் கண்டியப் பிரபு மரபினர்.

உலக அழகுராணிப் போட்டிகள் வணிகத்தின் வயிற்றிலே பிறந்தவை. 1951இல் பிரித்தானிய விழாவையொட்டி எரிக் மோர்லி என்பவர் இலண்டனிலே ஒரு நீச்சலுடைப் போட்டியை நடத்தினார். அதிலே சுவீடன் நாட்டுக் கிகி ஹாக்கன்சன் வெற்றிபெற்றார். அதுவே மிஸ் வேர்ல்ட் எனப்படும் உலக அழகுராணிப் போட்டியாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்ததோ இன்னும் சுவையானது. 1951ஆம் ஆண்டிற்குரிய அமெரிக்க அழகுராணி யோலண்ட் பெற்பீஸ், பட்டம் பெற்றபின் நீச்சலுடையிலே காட்சி தரமுடியாது என்று மறுத்துவிட்டார். நீச்சலுடை செய்து விற்கும் நிறுவனம் சினங்கொண்டு அப்போட்டியை விட்டு விலகி, 1952இல் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரிலே மிஸ் யூனிவேர்ஸ் என்னும் பிரபஞ்ச அழகுராணிப் போட்டியைத் தானே தொடங்கிற்று. ஒரு பெண் சொன்ன மறுப்பிலிருந்து பிறந்தது அப்போட்டி.

சுதந்திரம் பெற்று ஆறாண்டு கழிவதற்குள்ளாகவே இலங்கை இம்மேடைகளிலே தோன்றிவிட்டது. 1953இல் மானெல் இலங்ககோன் இலண்டனிலே இலங்கையின் பெயரைத் தாங்கி நின்றார். ஆயினும் உலகம் திரும்பிப் பார்த்தது 1955இலேதான். கொழும்பைச் சேர்ந்த ஒல்லாந்தப் பறங்கியர் குடும்பத்து மகள் மௌரீன் ஹிங்கேர்ட், பம்பலப்பிட்டித் திருக்குடும்பக் கன்னியர் மடத்திலே பயின்றவர், வயது பதினெட்டு. இலங்கை அழகுராணியாக லோங் பீச் சென்ற அவர், சுவீடன் நாட்டு ஹில்லேவி ரொம்பினுக்கும் எல் சல்வடோர் நாட்டு மரிபெல் அரியேத்தாவுக்கும் அடுத்ததாக மூன்றாமிடம் பெற்றார். ஆசியப் பெண்ணொருத்தி அப்பட்டத்தையே பெறுவதற்கு, அதாவது யப்பானின் அக்கிகோ கொஜிமா 1959இல் முடிசூடுவதற்கு, இன்னும் நான்காண்டுகள் இருந்தன.

அதன்பின் அவர் ஹொலிவூட்டிலேயே தங்கி நடித்தார். அரசனும் நானும் என்று பொருள்படும் 1956ஆம் ஆண்டுப் படத்திலே சீயத்து அரண்மனைப் பெண்களுள் ஒருவராகச் சிறு வேடத்தில் வந்தார். 1958இலே ஜானா டேவி என்னும் புனைபெயருடன் கண் ஃபீவர், ஃபோர்ட் போவி முதலிய குதிரைவீரர் படங்களிலே அமெரிக்கச் செவ்விந்தியப் பெண்ணாக நடித்தார். இலங்கையின் பெயர் தாங்கிச் சென்ற பெண்ணுக்கு, இலங்கைப் பெண்ணாகத் தோன்றும் வேடம் அங்கே இல்லை. கறுத்த கூந்தலும் மாநிறமும் உடையவள் எந்த நாட்டினளாகவும் நடிக்கலாம் என்பது அக்காலப் படமுதலாளிகளின் கணக்கு. பெயரில்லாத அஞ்சலட்டைப் பெண்ணின் கதையே வேறுருவில் தொடர்ந்தது.

இவ்விடத்திலே கண்டிப் பிரதேசத்து மற்றொரு பெண்ணின் நிலையையும் நினைத்தல் வேண்டும். 1824இல் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியிலே கோப்பியும், 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவிலே தேயிலையும் தோட்டப் பயிர்களாக வேரூன்றிய காலந்தொட்டு, தென்னிந்தியாவிலிருந்து வந்து இம்மலைகளிலே உழைத்தவர்கள் தமிழ்ப்பெண்கள். கூடையைத் தலையிலே கட்டிக் கொழுந்து பறிக்கும் அவர்தம் உருவம் தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரத் தாள்களிலும் உலகெங்கும் போயிற்று. இலங்கைப் பெண் என்றவுடன் வெளிநாட்டார் பலரின் மனத்திலே தோன்றும் உருவமே அதுதான். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அப்பெண்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1931இல் இலங்கைப் பெண்கள் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது அதனைப் பெற்ற தோட்டத் தாய்மார் பலர், 1949இல் அதனை இழந்தனர். 1955இல் இலங்கை அழகுராணி லோங் பீச் மேடையில் நின்ற அந்த நாளிலே, தேயிலைப் பெட்டியிலே இலங்கையின் முகமாக விளங்கிய பெண்ணுக்கு இலங்கைக் கடவுச்சீட்டுப் பெறும் தகுதி இல்லை. 1964 ஒக்டோபரிலே கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரென மதிப்பிடப்பட்ட அம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவைத்தது. கண்டி, நாவலப்பிட்டி, கம்பளைப் புகையிரத நிலையங்களிலே அழுகையொலி கேட்ட ஆண்டுகள் அவை. நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டு ஆயிற்று.

1972 மே மாதத்திலே சிலோன் என்னும் பெயர் போய் ஸ்ரீ லங்கா என்னும் பெயர் வந்தது. அழகுராணியரின் தோட்பட்டியிலும் எழுத்து மாறியது. 1973இல் அப்பட்டம் பெற்றவர் ஷிரந்தி விக்கிரமசிங்க. அவர் அவ்வாண்டு ஏதென்சிலே நடந்த பிரபஞ்ச அழகுராணிப் போட்டியிலும் இலண்டனில் நடந்த உலக அழகுராணிப் போட்டியிலும் கலந்துகொண்டார். பின்னர் மகிந்த ராஜபக்சவை மணந்து, 2005 முதல் 2015 வரை சனாதிபதியின் துணைவியாராக விளங்கினார். 1980இல் பட்டம் பெற்ற ரோசி சேனநாயக்கவின் வரலாறு இன்னும் நீண்டது. திருமணமான பெண்களுக்கென்று 1980களின் நடுப்பகுதியிலே தொடங்கிய திருமதி உலகம் என்னும் போட்டியின் முதலாவது முடி அவருக்கே கிடைத்தது. அதன்பின் அவர் மலேசியாவுக்கு உயர் ஸ்தானிகராகவும், 2010இல் பாராளுமன்ற உறுப்பினராகவும், 2018இல் கொழும்பு மாநகரின் மேயராகவும் ஆனார். அழகுராணிப் பட்டம் வெறும் பதுமைக்கே என்று சொல்வோர் இவரைக் கணக்கிலே சேர்க்கத் தவறுகின்றனர். 2006இல் பட்டம் பெற்ற ஜாக்குலின் பெர்னாண்டஸ் மும்பாய்த் திரையுலகிலே பெயர்பெற்றதை யாவரும் அறிவர்.

உலகத்திலே இப்போட்டிகளுக்கு எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. 1970 நவம்பரிலே இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திலே பெண்ணுரிமையாளர்கள் மாவுப் பொட்டலங்களை வீசி நிகழ்ச்சியைக் குழப்பினர். அன்று முடிசூடியவரோ கிரெனடாவின் ஜெனிபர் ஹொஸ்டன், அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண். ஒரே இரவில் ஒரே மண்டபத்திலே இரு வரலாறுகள் நிகழ்ந்தன.

திருமதி போட்டியிலே இலங்கைக்கு இரண்டாம் முறை உலக முடி கிடைத்தது 2019 டிசெம்பரிலே. லாஸ் வேகாசில் அதனைப் பெற்றவர் கரோலின் ஜூரி. அவர் தம் நாட்டு முடியை அடுத்தவருக்குச் சூட்டவேண்டிய நாள் 2021 ஏப்பிரல் 4. கொழும்பு நெலும் பொக்குண அரங்கிலே, 1973ஆம் ஆண்டு அழகுராணி ஷிரந்தி ராஜபக்ச விருந்தினராக வீற்றிருக்க, புஷ்பிகா டி சில்வா வெற்றிபெற்றதாக அறிவிக்கப்பட்டு முடிசூட்டப்பட்டார். சற்று நேரத்தில் கரோலின் ஜூரி மேடையேறி, மணவிலக்குப் பெற்றவர்க்கு இம்முடி உரியதன்று என்று கூறி, சூடிய முடியைக் கழற்றி, இரண்டாமிடம் பெற்றவருக்குச் சூட்டினார். முடியைக் கழற்றும்போது புஷ்பிகாவின் தலையிலே காயம் ஏற்பட்டது. அவர் கண்ணீரோடு மேடையை விட்டிறங்கிச் சென்றார். நாடெங்கும் தொலைக்காட்சியிலே இதனைப் பார்த்தது.

அவர் கணவரைப் பிரிந்து வாழ்பவரேயன்றி மணவிலக்குப் பெற்றவரல்லர் என்று அமைப்பாளர்கள் உறுதிசெய்து, முடியை அவருக்கே மீட்டளித்தனர். தனியே பிள்ளை வளர்த்துத் துன்புறும் தாய்மார் இந்நாட்டிலே பலர் என்பதைப் புஷ்பிகா பத்திரிகையாளர் முன்னிலையிலே எடுத்துரைத்தார். ஏப்பிரல் 8ஆம் நாள் பொலிசார் கரோலின் ஜூரியைக் கைதுசெய்து பிணையில் விடுவித்தனர். பின்னர் அவர் தம் உலக முடியைத் துறந்தார். அது அயர்லாந்துப் பெண்ணொருவருக்குச் சென்றது.

அந்நாட்களிலே பத்திரிகைகளில் எழுந்த விவாதத்தில், மணவிலக்குப் பெற்ற பெண் நம் பண்பாட்டின் அடையாளமாதல் தகுமா என்று கேட்டோர் இருந்தனர். எந்தப் பண்பாடு என்று அவர்களைத் திருப்பிக் கேட்டோர் குறைவு. அழகுராணியரின் தேசிய உடை எந்த மலைநாட்டிலிருந்து வந்ததோ, அந்த மலைநாட்டின் பழஞ்சட்டம் இதற்கு வேறு விடை தருகின்றது.

கண்டியச் சட்டத்திலே திருமணம் இருவகை. மணமகள் கணவன் வீடு செல்வது தீக. கணவன் மனைவியின் வீட்டிலே வந்து வாழ்வது பின்ன. பின்ன முறையிலே கணவனின் இருப்பு மிக மெலிது. அத்தகைய கணவன் ஊன்றுகோலையும் தாளிப்பனை ஓலையையும் பந்தத்தையும் எந்நேரமும் கதவருகே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது மலைநாட்டுப் பழமொழி. இரவோ மழையோ, மனைவி வீட்டார் போகச் சொன்னால் அவன் போகவேண்டியதுதான். மணமுறிவு அங்கே இழிவாகக் கருதப்படவில்லை. முறிந்தபின் மறுமணம் செய்தலும் இயல்பாயிருந்தது. நொக்ஸ் இதனைக் கண்டு வியந்து எழுதினான். ஒழுக்கமும் கற்பும் பற்றித் தம் நாட்டு விக்டோரியாக் காலக் கருத்துக்களோடு வந்த ஆங்கில ஆட்சியாளர், 1859இலே சட்டமியற்றிப் பலதார மணத்தைத் தடைசெய்தனர். ஆயினும் அவர்களாலும் கண்டிய மணமுறிவு வழக்கை முற்றாக அழித்துவிட முடியவில்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டத்திலே, இருவரும் உடன்பட்டால் மணத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும், மகிழ்ச்சியாகச் சேர்ந்து வாழ இயலாமையும் ஒரு காரணமாகலாம் என்றும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் அவ்விதிகளைத் தொடர்ந்து காத்தது. அதன்படி மணம் முடித்த கண்டியர், நீதிமன்றப் படியேறாமல் மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே மணவிலக்குப் பெறலாம். நாட்டின் ஏனையோரை ஆளும் 1907ஆம் ஆண்டுப் பொதுச் சட்டமோ விபசாரம், துரோகமாகக் கைவிடுதல், தீராத ஆண்மைக் குறைவு என்னும் குற்றங்களுள் ஒன்றை நீதிமன்றத்திலே மெய்ப்பித்தால் மட்டுமே விடுதலை தருவது.

ஆகவே 2021 ஏப்பிரலிலே மேடையில் ஒலித்த விதி கண்டியின் விதியன்று. திருமணமான பெண்ணை மட்டும், அதிலும் கணவனோடு கூடி வாழ்பவளை மட்டும், சிறந்தவளெனக் கருதும் எண்ணம் கடல்கடந்து வந்து ஒசரியவை உடுத்திக்கொண்டது என்பதே பொருந்தும். அந்த எண்ணத்தைத் தந்த மேனாட்டிலேயே விதிகள் தளர்ந்துவிட்டன. 2023 முதல் பிரபஞ்ச அழகுராணிப் போட்டியிலே மணமானவரும் தாய்மாரும் கலந்துகொள்ளலாயினர்.

முடி பறிக்கப்பட்ட அந்த ஏப்பிரல் 4ஆம் நாளுக்குப் பத்து நாட் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வந்தது. சிங்களவர்க்கும் தமிழர்க்கும் ஒரே நாளில் வரும் புத்தாண்டு அது. அப்பருவத்திலே கண்டியைச் சுற்றிய ஊர்களின் வயல்வெளிகளிலும் பாடசாலைத் திடல்களிலும் சறுக்குமரம் ஏறுதல், தலையணைச் சண்டை, கயிறிழுத்தல் என்பவற்றோடு அவுருது குமாரி என்னும் புத்தாண்டு இளவரசியைத் தெரிந்தெடுப்பதும் வழக்கம். குமாரிஹாமி என்பது கண்டியப் பிரபுக் குலப் பெண்களுக்கே ஒருகாலத்தில் உரியதாயிருந்த பட்டம். இப்போது அப்பெயரின் முற்பகுதியை, கடைக்காரர் மகளும் ஆசிரியையின் மகளும் தையற் தொழிற்சாலையிலே வேலைசெய்யும் பெண்ணும் ஒரு மாலைப்பொழுதுக்கு ஏற்கின்றனர். சிலர் தாயின் ஒசரியவை உடுத்தி வருவர். சிலர் அயல்வீட்டாரிடம் இரவல் வாங்கி வருவர். ஒலிபெருக்கியிலே பெயர் கூப்பிடப்படும். பெண் புல்வெளியிலே ஒருமுறை நடந்து வருவாள். ஜிகினாத் தாள் ஒட்டிய முடியை ஊர்ப் பெரியவர் ஒருவர் அவள் தலையிலே வைப்பார். பொழுது சாய்ந்ததும் சேலையை மடித்து உரியவரிடம் கொடுத்துவிட்டு, முடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.